டேங்கர் அண்ணனின் சிவப்புக் கோடு

உலகத்தில் எத்தனையோ பேர் ஒயின் போடுகிறார்கள். ஆனால் ஊற்றுவதற்கு முன்னால், குடிக்க வந்தவரின் கையில் எர்த் கம்பி மாட்டிவிடுகிற ஆள் ஒருவர்தான். அவர் அந்தமானில், எங்கள் பெரார்கஞ்சில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். நம்பாதவர்கள் நேரில் வந்து கையை நீட்டிப் பார்க்கலாம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. வேறு எங்கேயும் அது வழங்கிக் கேட்டதில்லை. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் அவர் டேங்கர்தான். எனக்கு டேங்கர் அண்ணன். போர்ட் பிளேர் விமான நிலையத்தில் முப்பது வருஷம் விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பியவர்.

முப்பது வருஷம் நிரப்பினாரே தவிர, ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால், மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வருவார். ஏன் அண்ணே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது:

"தங்கச்சி, அந்த றெக்கைக்குள்ள நான் எவ்வளவு ஊத்தியிருக்கேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் எவனாவது அதுக்குப் பக்கத்துல போய் உக்காருவானா?"

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்கு நிரப்ப ஒன்றும் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். அது நிறைந்ததும் அவர் மனைவி சரோஜா அண்ணியின் குடங்களை நிரப்பினார். பிறகு வேலி தாண்டி வந்து என் குடங்களை நிரப்பினார். குடம் நிறைந்ததும் இரண்டடி பின்னால் போய், கட்டை விரலை உயர்த்தி, "கிளியர்!" என்பார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக் கிளம்பும்வரை அந்த விரல் இறங்காது.

எனக்கு நாலு பேர் நடுவே பேச வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது, பேச்சும் நின்றது என்று என் வீட்டுக்காரர் இருந்தபோது கேலி செய்வார். அதனால் "வேண்டாம் அண்ணே, நானே பிடிச்சுக்கறேன்" என்று சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. சொன்ன அன்றைக்கு அவர் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பாவத்தைக் கழுவத்தான், கொல்லையில் விழுந்து கிடந்த கமரக் பழத்தை ஒரு கூடை பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கமரக் என்று நாங்கள் சொல்வதைச் சென்னையில் நட்சத்திரப் பழம் என்கிறார்கள். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் விழும். பார்க்க அழகு. தின்றால் காது வரைக்கும் புளிக்கும். எங்கள் மரத்துப் பழத்தைக் காக்கையே யோசித்துத்தான் கொத்தும். வருஷா வருஷம் மரத்தடியில் கொட்டி அழுகும்.

அந்தக் கூடைதான் ஆரம்பம். அண்ணன் பழத்தை நறுக்கினார், சர்க்கரை போட்டார், தண்ணீர் ஊற்றினார், ஈஸ்ட் தூவினார். வாயகலக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, மூடியில் ஓட்டை போட்டு ரப்பர் குழாய் செருகினார். "டேங்க்குன்னா மூச்சு விட வழி இருக்கணும்" என்றார். குழாயின் மறுமுனை ஒரு தம்ளர் தண்ணீருக்குள் இருந்து இரவும் பகலும் குமிழி விட்டது. பால்காரர் பாலில் மிதக்கவிடுகிற கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்று அவரிடம் இருந்தது. எண்ணெயின் அடர்த்தி பார்க்க முப்பது வருஷம் வைத்திருந்த குச்சி. அதைத் தினமும் ஜாடியில் மிதக்கவிட்டு நோட்டில் எழுதினார். கடைசியில் ஒரு ஜாம் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"தெளிவு இருக்கு. பளிச்சுன்னு இருக்கு. தண்ணி கலப்படம் இல்ல."

"ஒரு வாளி தண்ணி ஊத்தித்தானே போட்டீங்க?" என்றார் அண்ணி.

"அது வேற தண்ணி. நீ உள்ள போ."

அந்த மஞ்சள் ஒயின் எப்படித்தான் அப்படி அமைந்ததோ, ஊர் அதன்மேல் பைத்தியமாகிவிட்டது. ஒரு பைசா வாங்கமாட்டார். ஆனால் அவர் சட்டத்துக்கு உட்பட வேண்டும். கொல்லையைப் பார்த்த ஜன்னலோர மேஜையில் ஜாடி; அதைச் சுற்றி, வீட்டுக்குள்ளும் கொல்லையிலுமாகப் பதினைந்தடிக்குச் சுண்ணாம்பில் வட்டம். வட்டத்துக்குள் கைப்பேசி கூடாது, பீடி கூடாது. பக்கத்தில் மணல் வாளி. உட்காரும் நாற்காலியின் கால்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பார், நாற்காலி உருண்டு போய்விடாமல் இருக்க. நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது. அதைச் சொல்லும் தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை.

பிறகுதான் கம்பி. ஜாடியிலிருந்து ஒரு செம்புக் கம்பி, அதன் நடுவில் பல் வைத்த ஒரு கிளிப், மறுமுனை கொல்லையில் அடித்த இரும்பு முளையில். கிளிப்பை வந்தவரின் கடிகாரத்திலோ வளையலிலோ மாட்டுவார். இரண்டும் இல்லாதவருக்குக் காது மடல்.

"எண்ணெய் ஓடும்போது கரண்ட் உண்டாகும். ஒரு பொறி போதும், எல்லாம் கதம்."

"ஒயின்ல எங்கே டேங்கர் பொறி வருது?" என்று கேட்டால்,

"இது வரைக்கும் வந்திருக்கா?"

"வரலை."

"ஏன் வரலை? கம்பி மாட்டினதால. கையை நீட்டு."

இந்தக் கம்பியால் அதிகம் அடிபட்டவர் மண்டல் பாபு. எதிர் வீடு, வங்காளி, நெல்லும் பாக்கும் போடுகிறவர். அவருக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்கு வங்காளம் சுத்தமாக வராது, நடுவில் ஹிந்தி பாலம் போட்டுக்கொண்டு நாற்பது வருஷமாகச் சண்டையும் சமாதானமுமாக இருக்கிறோம். ஒரு மழை ஓய்ந்த சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தார். கட்டை வைத்தாயிற்று. கடிகாரப் பட்டையில் கிளிப் மாட்டியாயிற்று. கண்ணாடித் தம்ளர் பாதி நிறைந்திருக்கும். அண்ணி ஆட்டைக் கட்ட இடம் தேடி, மழைக்கு ஈரமாகியிருந்த மண்ணில் நின்ற அந்த இரும்பு முளையிலேயே கட்டியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் என் மருதாணிச் செடியைப் பார்த்த ஆடு ஒரே இழுப்பாக இழுத்தது. முளை பிடுங்கிக்கொண்டது. முன்னால் ஆடு, அதன் பின்னால் முளை, அதன் பின்னால் கம்பி, அதன் பின்னால் ஒரு கையை நீட்டியபடி மண்டல் பாபு, மறு கையில் தம்ளர்.

"ரோக்கோ! டேங்கர் பாய், ஆட்டை ரோக்கோ!"

ஜாடிப் பக்கம் இருந்த கம்பியைச் சட்டென்று கழற்றிவிட்டு, அண்ணன் பின்னாலேயே ஓடினார். என்ன கத்திக்கொண்டு ஓடினார் தெரியுமா? "கிளிப்பைக் கழட்டாதே! தம்ளர் காலி ஆகற வரைக்கும் கிளிப்பைக் கழட்டாதே!"

மண்டல் பாபு என் மருதாணிக்குள் விழுந்தார். தம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. விழுந்தபடியே குடித்து முடித்துவிட்டு, "பஹுத் அச்சா" என்றார். அப்படிப்பட்ட ஒயின் அது.

அன்றிலிருந்து முளை போயிற்று. கம்பியின் முனை நேராக ஆட்டின் கழுத்து வாரிலேயே கட்டப்பட்டது. "நாலு காலும் பூமியில நிக்குது. இதைவிட எர்த் எங்க கிடைக்கும்?" என்றார் அண்ணன். ஆட்டின் கழுத்தில் ஒரு மணியும் உண்டு. ஜாடியை யார் அசைத்தாலும் கம்பி இழுபடும், மணி அடிக்கும், ஆடு கத்தும்.

இப்போது சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜாடியின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் அவர் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். ஒயின் அந்தக் கோட்டைத் தொட்டதும் ஊற்றுவது நின்றுவிடும். கோட்டுக்குக் கீழே இருப்பது யாருக்கும் கிடையாது. அடுத்த பழம் வந்து புது ஒயின் அதன்மேல் ஊற்றப்படும்வரை அது அப்படியே நிற்கும். ஊரே கெஞ்சிப் பார்த்தது, வைது பார்த்தது. மனுஷன் அசையவில்லை.

"நம்ம தீவுக்கு வர்ற விமானம் வெறும் வர்றதுக்கு மட்டும் எண்ணெய் போட்டுக்கிட்டு வராது. மழை மூட்டம் கட்டிருச்சுன்னா இங்க இறங்க முடியாது. பக்கத்துல வேற எங்க இறங்குவான்? சுத்தியும் கடல். அதனால மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போற அளவுக்கு எண்ணெயை வச்சுக்கிட்டுத்தான் கிளம்புவான். அதுல கை வைக்கக் கூடாது. இதுவும் அதுதான். ரிட்டர்ன்."

"ஒயின் எங்கே டேங்கர் பாய் ரிட்டர்ன் போகுது?" என்று மண்டல் பாபு கேட்டார்.

அதற்கு மட்டும் அண்ணன் முறைத்தார். அவ்வளவுதான்.

போன வருஷம் சித்திரையில் ஒரு காற்று அடித்தது. கமரக் மரத்தில் இருந்த பூ அத்தனையும் ஒரே மத்தியானத்தில் தரைக்கு வந்துவிட்டது. மரத்தடி மஞ்சள் தெளித்த மாதிரி கிடந்திருந்தால்கூடத் தேவலை. கமரக் பூ ஊதா. அன்றைக்கு அது துக்க வீட்டு நிறமாகத் தெரிந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார். பழம் இல்லை என்றால் புது ஒயின் இல்லை. இருப்பதோ அரை ஜாடி. ஊருக்கு விஷயம் தெரிந்ததும் கூட்டம் இரண்டு மடங்கு வந்தது. போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டுகூட வந்தார்கள். வைகாசி பாதியில் ஒயின் வந்து கோட்டில் நின்றது.

அதே வாரத்தில் என் வலது கண்ணில் ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருட்டு. போர்ட் பிளேர் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஜவ்வு கழன்றிருக்கிறது, தாமதிக்கக் கூடாது, உடனே சென்னைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மெயின்லேண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் எங்கள் தீவில் பாதி அழுகை அப்போதே ஆரம்பித்துவிடும். நான் அறுபத்துமூன்று வயதுவரை விமானம் ஏறியதில்லை. என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. எனக்குக் கண்ணைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஜாடிக்கு முன்னால் நிறுத்தினார். பழைய வேலைக்காலத்து மினுங்கும் சட்டையைப் போட்டிருந்தார்.

"தங்கச்சி, இந்தக் கோட்டைப் பாரு. ஒத்தைக் கண்ணால பாத்தாலும் சரி. இதுக்குக் கீழ இருக்கறது உன்னோடது. உன் மரத்துப் பழம். ஆறு வருஷமா ஒரு வாய் நீ கேட்டதில்ல, நானும் குடுத்ததில்ல. இது உன் ரிட்டர்ன். நீ வந்து உக்காந்தாத்தான் ஊத்துவேன். அது வரைக்கும் ஒரு பய தொடமாட்டான்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். என் மகன் செல்வம் பையைத் தூக்கினான். அண்ணன் இரண்டடி பின்னால் போய்க் கட்டை விரலை உயர்த்தினார். ஆட்டோ திரும்பும்வரை அந்த விரல் தெரிந்தது.

ஆபரேஷன் ஆனது. டாக்டர் கண்ணுக்குள் ஏதோ வாயுவை நிரப்பிக் கட்டுப் போட்டுவிட்டார். அந்த வாயுக் குமிழிதான் ஜவ்வை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்குமாம். பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வாடகை அறையில், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காதில் போனை வைத்து அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"கண்ணுக்குள்ள என்ன ரொப்பினாங்க?"

"ஏதோ காஸுண்ணே."

"என்ன காஸு?"

"தெரியலண்ணே."

"எவ்வளவு பிரஷர்?"

"தெரியலண்ணே."

"எர்த் போட்டாங்களா?"

செல்வம் போனை வாங்கி, மறுநாள் டாக்டரிடமே கொடுத்துவிட்டான். டாக்டர் பாவம், பத்து நிமிஷம் பேசினார். முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க அண்ணன் எந்த ஆஸ்பத்திரியிலம்மா வேலை பாத்தார்? நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிட்டார். மேல போகப்போக காஸ் பெருக்கும், அதனால குமிழி கரையற வரைக்கும் விமானத்துல ஏறவே கூடாது. கண் போயிடும். கப்பலும் வேண்டாம், வாரா வாரம் நான் பாக்கணும்."

எத்தனை நாள் என்றால், இரண்டு மாதம்கூட ஆகலாம் என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். வட்டத்துக்குள் போன் கூடாது என்பது அவர் போட்ட சட்டமல்லவா? அதனால் ரோட்டோரப் பாக்கு மரத்தடிக்குப் போய் நின்று பேசுவார். நலமா, சாப்பிட்டாயா ஒன்றும் கிடையாது.

"லெவல் எங்க இருக்கு?"

கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் குமிழி எனக்கே தெரிந்தது. பார்வைக்குக் குறுக்கே ஜாடியில் ஒயின் ஆடுகிற மாதிரி ஒரு கோடு. அசைந்தால் ஆடும். நாளாக நாளாகக் கீழே இறங்கும்.

"மூக்குக்கு நேரா இருக்குண்ணே."

"போன வாரம் புருவத்துலன்னு சொன்னே. நல்லா இறங்குது. இங்க கோடு அப்படியே நிக்குது." போனை வைத்துவிடுவார்.

என் கோடு இறங்க வேண்டும், அவர் கோடு இறங்கக் கூடாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை.

அவர் வேலை கடினமாகிவிட்டது. நமக்கு ஆடி மாதம் ஆகாது, வங்காளிகளுக்கு அதுதான் சிராவணம், கல்யாண மாதம். மண்டல் பாபு வீட்டில் மகள் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு தீவின் வடகோடியில், திக்லிபூர். பெண் பார்க்க வந்தபோது அவர்களில் ஒருவர், மாப்பிள்ளையின் மாமா, கம்பி மாட்டிக்கொண்டு ஒரு தம்ளர் மஞ்சள் ஒயின் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஊருக்குப் போய் அதைக் காவியமாகப் பாடிவிட்டார். இப்போது ஒரு பஸ் நிறைய ஆட்கள், விடியுமுன் கிளம்பி நாள் முழுக்கக் குலுங்கி வந்து இறங்கி, முதல் கேள்வியாக "டேங்கரின் மஞ்சள் எங்கே?" என்கிறார்கள்.

மண்டல் பாபு அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"டேங்கர் பாய், என் இஜ்ஜத் போகுது, மானம் போகுது. கோட்டுக்குக் கீழே இருக்கறதைக் குடு பாய். தங்கச்சி வரட்டும், நான் ஆப்பிள் ஜூஸ் வாங்கித் தர்றேன்."

"முடியாது."

"அவங்க எப்போ வருவாங்களோ!"

"வருவா. வர்றவளுக்குத்தான் வச்சிருக்கு."

இது எல்லாம் எனக்குப் பிறகு அண்ணி சொன்னது. ஆனால் அடுத்து நடந்ததை நானே காதால் கேட்டேன். ஐந்து மணி போன். அண்ணன் பாக்கு மரத்தடியில் நின்று, "லெவல்?" என்றார். "கீழ ஒரு பொட்டு மாதிரிதாண்ணே" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. தூரத்தில் மணிச் சத்தம். பிறகு ஆடு. அந்த ஆடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, லைன்ல இரு. டேங்க்குல கை வச்சுட்டானுங்க."

திக்லிபூர் மாமா நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார். ஐந்து மணிக்கு டேங்கர் வட்டத்தில் இருக்கமாட்டார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நேராக உள்ளே போய் ஜாடியைத் தூக்கியிருக்கிறார். கம்பி இழுபட, மணி அடிக்க, ஆடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் வேட்டியைக் கவ்விக்கொண்டது. மனுஷன் ஜாடியைக் கீழேயும் வைக்க முடியாமல், வேட்டியையும் விட முடியாமல், பிறந்த குழந்தையை வைத்திருக்கிறவர் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் அடிக்கவில்லை, வையவில்லை. வட்டத்தின் ஓரத்தில் போனை வைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, விமானத்தை நிறுத்த வழிகாட்டுகிறவர் போல அசைத்தார். எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"ஆஹிஸ்தா... மெதுவா... இடது பக்கம்... இன்னும் இறக்கு... இறக்கு... போதும்! கையை எடு."

ஜாடி மேஜையில் உட்கார்ந்த சத்தம் எனக்குச் சென்னையில் கேட்டது. வாடகை அறைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, இரண்டு மாதமாக விடாத மூச்சை விட்டேன். அண்ணன் போனை எடுத்தார். "கோடு சரியா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

கல்யாண வீட்டை அப்படியே விட முடியுமா? அண்ணனே ஒரு வழி செய்தார். இரண்டு வாளி எலுமிச்சை சர்பத் கரைத்தார். ஆட்டை ஓட்டிக்கொண்டு கல்யாணப் பந்தலுக்குப் போனார். நாற்காலி, மரக்கட்டை, மணல் வாளி, கம்பி. ஒவ்வொருவராக உட்காரவைத்து, கிளிப் மாட்டி, சர்பத்தை வெயிலில் தூக்கிப் பார்த்து ஊற்றினார். திக்லிபூர்க்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு கிளிப் மாட்டிக்கொண்டார். திரும்பவும் வரிசையில் வந்து நின்றவர்கள் பலர். அவர்கள் அத்தனை தூரம் வந்தது ஒயினுக்கா, கம்பிக்கா என்று அன்றைக்குத்தான் மண்டல் பாபுவுக்குத் தெரிந்தது.

ஆடி முடிந்து ஆவணியில் என் கண்ணில் இருந்த பொட்டு காணாமல் போனது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். விமானம் ஏறினோம். இரண்டு மணி நேரம் கழித்து, கீழே வெள்ளையாக மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. விமானம் சுற்றியது. மறுபடி சுற்றியது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். செல்வம் என் பக்கம் குனிந்தான்.

"அம்மா, மழையாம். இறங்க முடியலையாம். திரும்பச் சென்னைக்கே போறாங்களாம்."

உள்ளே ஒரே கூச்சல். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எண்ணெய் தீர்ந்துட்டா என்ன செய்றது? கீழ கடலாச்சே!" என்று அழுதாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அழாதேம்மா. திரும்பிப் போற அளவுக்கு எண்ணெய் இருக்கு. அது இல்லாம நம்ம தீவுக்கு விமானம் கிளம்பவே கிளம்பாது. எங்க அண்ணன்தான் ஊத்துறாரு."

அன்றைக்கு எண்ணெய் ஊற்றியது சென்னையில். அண்ணன் ஓய்வு பெற்று ஏழு வருஷம். இருந்தாலும் வாயில் அப்படித்தான் வந்தது. பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

அண்ணன் அப்போது விமான நிலைய வாசலில் மினுங்கும் சட்டையோடு நின்றிருந்திருக்கிறார். கூட வந்தவர் மண்டல் பாபு. மேகத்துக்குமேல் சத்தம் வந்து, சுற்றி, தேய்ந்து போனதைக் கேட்டுவிட்டு, "போகட்டும். ரிட்டர்ன் இருக்கு" என்றாராம். சொன்னாரே தவிர, வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லையாம். ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். மண்டல் பாபுவும் எழுந்து போகவில்லை. ஒயினைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

மறுநாள் வெயில். இறங்கினோம்.

என் வீட்டுக் கதவைக்கூடத் திறக்கவிடவில்லை. நாற்காலி தயாராக இருந்தது, கட்டைகளோடு. செல்வத்தின் போனைப் பிடுங்கி வட்டத்துக்கு வெளியே வைத்தார்கள். மணல் வாளியை மண்டல் பாபு பிடித்துக்கொண்டார். ஆடு என்னை ஒரு பார்வை பார்த்தது. என் வளையலில் அண்ணன் கிளிப் மாட்டினார். ஜாம் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெளிவு இருக்கு" என்றார். மற்ற இரண்டையும் சொல்லவில்லை.

பிறகு ஊற்றினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒயின் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. செல்வம் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தான், ஒரு வாய் பரவாயில்லை என்று. நான் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குடித்தேன். எங்கள் மரத்துப் புளிப்பேதான். ஆனால் வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தது.

"லெவல்?" என்றார் அண்ணன்.

நான் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். "காலிண்ணே."

அவர் இரண்டடி பின்னால் போனார். கட்டை விரலை உயர்த்தினார்.

இந்த வருஷம் மரம் நன்றாகக் காய்த்தது. ஜாடி நிறைந்து, வழக்கம்போல் ஊர் அதைக் குடித்துக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. நான் அபர்டீன் பஜாருக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனால்கூட இப்போது வேலியோரம் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். திரும்பி வந்ததும் என் வீட்டுப் பூட்டைத் திறக்கமாட்டேன். முதலில் அண்ணன் ஜன்னலில் எட்டி, அந்தக் கோடு இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு கண்ணாலும் பார்ப்பேன். அப்புறம்தான் நான் வீட்டுக்கு வந்துவிட்டதாக எனக்கே தோன்றும்.